இலங்கையின் எச்ச எறும்பு அனியூரிட்டஸ் சைமோனி: அடையாளமும் பரவலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனியூரிட்டஸ் சைமோனி என்பது எந்த எறும்பு? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கப்படுகிறது?

இலங்கையின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளில், உதிர்ந்த இலைகளுக்கும் மக்கிய மரத்துண்டுகளுக்கும் இடையே வாழும் சிறிய மஞ்சள் நிற எறும்பு இது. உலகின் வேறெந்த நாட்டிலும் இது இயற்கையாக வாழ்வதாகப் பதிவு இல்லை. எறும்புக் குடும்பத்தைப் பல துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றுள் அனியூரிட்டினே என்ற துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது இந்த ஒரே இனம்தான். மற்ற உறவினர்கள் எல்லாம் புதைபடிவங்களாகவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பால்டிக் அம்பரிலும் (அம்பர் என்பது கல்லாக இறுகிய மரப்பிசின்), அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஃபிளோரிசன்ட் படிவுகளிலும், அவற்றைவிட மிகப் பழைய கனேடிய அம்பரிலும் இத்துணைக்குடும்பத்தைச் சேர்ந்த எறும்புகள் விவரிக்கப்பட்டுள்ளன. ஒரு காலத்தில் வடக்குக் கண்டங்களில் பரவியிருந்த ஒரு குலம் முழுவதற்கும் இன்று ஒரு தீவின் ஒரு மூலை மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்பதால்தான் இதனை எச்ச எறும்பு என்கிறோம். இந்த இனம் அழிந்தால் அதனுடன் ஒரு துணைக்குடும்பமே அழிந்துவிடும்.

இதனை முதலில் விவரித்தவர் யார்?

பிரெஞ்சு சிலந்தியியலாளர் யூஜின் சைமன் 1892 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து சேகரித்துச் சென்ற எறும்புகளை இத்தாலிய எறும்பியலாளர் கார்லோ எமெரி ஆராய்ந்து, 1893 இல் இந்த இனத்துக்குப் பெயரிட்டு விவரித்தார். இனப்பெயர் சைமனை நினைவுகூருகிறது. அப்போது கிடைத்தவை வேலைக்கார எறும்புகள் மட்டுமே என்பதால், இதன் கூடு, இராணி, ஆண், புழு எவையும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிவியலுக்குத் தெரியாமலே இருந்தன.

1955 இல் அமெரிக்க எறும்பியலாளர் எட்வர்ட் வில்சன் இலங்கைக்கு வந்து இதனைத் தேடினார். கண்டியின் உடவத்தகலே வனத்தில் தேடியும் கிடைக்காத எறும்பு, இரத்தினபுரிப் பகுதியில் கிடைத்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு அவரும் தோமஸ் ஐஸ்னர், ஜோர்ஜ் வீலர், ஜீனெட் வீலர் ஆகியோரும் 1956 இல் வெளியிட்ட ஆய்வே இவ்வெறும்பின் உடலமைப்பையும் வாழ்க்கையையும் முதன்முறையாக விரிவாகச் சொன்னது.

வெறும் கண்ணால் பார்த்து இதனை அடையாளம் காண முடியுமா?

முடியாது. சுமார் 3 மில்லிமீற்றர் நீளமுள்ள மஞ்சள் அல்லது இளஞ்செம்மஞ்சள் எறும்புகள் ஈரவலயக் காட்டுத் தரையில் பல பேரினங்களில் உள்ளன. நிறத்தையும் அளவையும் மட்டும் வைத்து வந்த எந்தப் பதிவையும் ஏற்கலாகாது என்பதே என் உறுதியான கருத்து. குறைந்தது 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை வேண்டும். 20 மடங்கு இருந்தால் நல்லது. ஐயம் தீர நுண்ணோக்கியே தேவைப்படும்.

கைவில்லையில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

எறும்பைப் பக்கவாட்டில் கிடத்திப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். நடுவுடலுக்கும் பருத்த வயிற்றுப் பகுதிக்கும் இடையே உள்ள ஒடுங்கிய இடுப்பில் எத்தனை கணுக்கள் உள்ளன என்பதுதான் முதற்கேள்வி. அனியூரிட்டஸில் ஒரே ஒரு கணுதான் இருக்கும். ஆனால் அந்தக் கணுவுக்கு முன்னால் நீண்ட மெல்லிய காம்பு ஒன்று இருப்பதால், இடுப்பு நன்றாக நீண்டு, கணு பின்பக்கமாகத் தள்ளி உருண்டு எழுந்திருப்பது போலத் தோன்றும். அவசரமாகப் பார்ப்பவர்கள் இந்தக் காம்பையும் ஒரு கணுவாக எண்ணி, இரண்டு கணுக்கள் என்று குறித்துவிடுவார்கள். கணு என்பது மேல்நோக்கிப் புடைத்து, முன்னும் பின்னும் தெளிவாகச் சரிவது. காம்பு குழாய் போல் நேராகச் செல்வது. எறும்பைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படும்.

அடுத்து, நடுவுடலின் பின்முனையைப் பாருங்கள். அங்கே இரண்டு கூரிய முட்கள் பின்னோக்கி நீண்டிருக்கும். இவை சிறு பற்கள் போன்றவை அல்ல, தெளிவான நீண்ட முட்கள்.

மூன்றாவதாக, வயிற்றுப் பகுதியின் முனை. அனியூரிட்டஸுக்கு நன்கு வளர்ந்த கொடுக்கு உண்டு. மதுசாரத்தில் இட்ட மாதிரிகளில் அது பெரும்பாலும் சிறிது வெளியே நீட்டியபடி காணப்படும். உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் நுண்ணோக்கியின் கீழ் முனையை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கொடுக்கு வெளியே தெரியவில்லை என்பதை மட்டும் கொண்டு இது அந்த இனம் அல்ல என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இவற்றோடு உணர்கொம்பையும் எண்ண வேண்டும். அதில் 12 கண்டங்கள், அதாவது மூட்டுத் துண்டுகள், இருக்கும். நுனிக் கண்டங்கள் மெல்லப் பருத்துச் செல்லுமேயன்றி, தனியாகப் பிரிந்து தெரியும் குண்டாந்தடி வடிவம் இராது. வயிற்றின் முதல் இரண்டு வளையங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டியது போன்ற இடுக்கும் இராது.

இந்த அடையாளங்களுள் எதுவும் தனியாக நின்று போதாது. ஒற்றைக் கணு பல எறும்புகளுக்கு உண்டு. முட்கள் பலவற்றுக்கு உண்டு. கொடுக்கும் பலவற்றுக்கு உண்டு. காம்புடைய ஒற்றைக் கணு, நீண்ட முட்கள், கொடுக்கு ஆகிய மூன்றும் இந்த மென்மஞ்சள் உடலில் ஒருங்கே அமைவதுதான் அனியூரிட்டஸின் அடையாளம்.

எந்தெந்த எறும்புகளோடு இதனைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம்?

மிக அதிகமாகக் குழப்புவது பைடோல் பேரினம். அதிலும் வேலைக்கார எறும்புகள் சிறியவை, பெருந்தலையுள்ளவை என இருவகையாக இருக்கும். நடுவுடலில் முட்கள் உண்டு. மஞ்சள் நிற இனங்கள் பல. அவையும் இதே இலைக்குப்பையில்தான் வாழ்கின்றன. ஆனால் பைடோலின் இடுப்பில் தெளிவாக இரண்டு கணுக்கள் இருக்கும். உணர்கொம்பின் நுனியில் மூன்று கண்டங்கள் சேர்ந்து தடியாகப் பருத்திருக்கும். இவ்விரண்டையும் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

மஞ்சள் பித்து எறும்பு எனப்படும் அனொப்லோலெபிஸ் கிராசிலிபஸ் இன்னொன்று. வெளியிலிருந்து பரவி வந்த இந்த எறும்பு, மனிதர் கலைத்த காட்டோரங்களில் பெருங்கூட்டமாக ஓடித் திரியும். இதற்கும் ஒற்றைக் கணுதான். ஆயினும் முட்கள் இல்லை, கொடுக்கு இல்லை, கால்களும் உணர்கொம்புகளும் உடலுக்குப் பொருந்தாத அளவு நீண்டவை, உணர்கொம்பில் 11 கண்டங்களே உண்டு. அதன் ஓட்டமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொனரினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த எறும்புகளுக்கு ஒற்றைக் கணுவும் வலுவான கொடுக்கும் உண்டு என்பதால், கொடுக்கை மட்டும் பார்ப்பவர்கள் அங்கே தவறுவார்கள். அவற்றின் கணு தடித்த கட்டி போன்றது. வயிற்றின் முதல் இரண்டு வளையங்களுக்கு இடையே பெரும்பாலும் இடுக்கு தெரியும். அனியூரிட்டஸில் காணும் நீண்ட முட்கள் அவற்றில் இல்லை. லெபிசியோட்டா எறும்புகளுக்கு ஒற்றைக் கணுவும் நடுவுடலில் முள்ளோ பல்லோ உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கருமையானவை, கொடுக்கற்றவை, 11 கண்ட உணர்கொம்பு உடையவை.

டொலிகோடெரினே துணைக்குடும்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரபணு ஆய்வுகளின்படி அனியூரிட்டஸுக்கு இன்று உயிர்வாழும் மிக நெருங்கிய உறவினர்கள் அவைதான். எமெரி காலத்திலிருந்தே இந்த உறவு பேசப்பட்டு வந்திருக்கிறது. டப்பினோமா, டெக்னோமிர்மெக்ஸ் முதலிய டொலிகோடெரினே எறும்புகளில் கொடுக்கு தேய்ந்து சிறுத்துப் பயனற்றுப் போய்விட்டது. வயிற்றின் முனையில் பிளவு போன்ற திறப்பின் வழியே வேதிப்பொருள்களை வெளியிட்டுத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. அனியூரிட்டஸில் கொடுக்கு முழுமையாக இருக்கிறது; எச்சரிக்கை வேதிப்பொருளைச் சுரக்கும் பின்முனைச் சுரப்பியும் அதனுடன் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே உடலில் இருப்பதால்தான், கொடுக்குள்ள பழைய எறும்புகளுக்கும் கொடுக்கிழந்த டொலிகோடெரினேக்களுக்கும் இடைப்பட்ட இணைப்பாக 1956 ஆய்வு இதனை முன்வைத்தது.

ஒரே கூட்டில் இரு அளவு எறும்புகள் உள்ளன. இரண்டும் ஒரே இனம்தானா?

ஆம். வேலைக்கார எறும்புகளில் சிறியவை, பெரியவை என இருவகை உண்டு. பெரியவை சுமார் 4 மில்லிமீற்றர் நீளமும் விகிதத்தில் பெரிய தலையும் கொண்டவை. கூட்டில் இவை மிகக் குறைவாகவே இருக்கும். மேலே சொன்ன இடுப்பு, முள், கொடுக்கு அடையாளங்கள் இரு வகைக்கும் பொருந்தும். எனவே பெரியது ஒன்று கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இது இலங்கையில் எங்கெங்கே காணப்படுகிறது?

இதற்குரிய விடை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 1955 தேடலுக்குப் பிறகு இரத்தினபுரிப் பகுதியே இதன் இருப்பிடமாக அறியப்பட்டது. பின்னர் அனுல ஜயசூரியவும் ஜேம்ஸ் டிரானியெல்லோவும் மேற்கொண்டு 1980 களில் வெளியிட்ட ஆய்வுகளில், தேடிய இடங்களுள் இரத்தினபுரிக்கு அருகே சிவனொளிபாத மலையின் அடிவாரத்தை ஒட்டிய கிலிமலைக் காட்டில் மட்டுமே இது கிடைத்தது. அதனால் நீண்ட காலம், ஒரே ஒரு காட்டில் ஒதுங்கிவிட்ட எறும்பு என்றே இது எழுதப்பட்டு வந்தது.

இலங்கை ஆய்வாளர்கள் தாமே இறங்கி இலைக்குப்பை எறும்புகளை முறையாகத் தேடத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. களனிப் பல்கலைக்கழகத்தின் சிறியானி டயஸும் அவருடைய மாணவர்களும் பிற ஆய்வாளர்களும் 2000 க்குப் பிறகு செய்த தேடல்களில், சிங்கராஜ வனம் உட்படத் தென்மேற்கின் தாழ்நில ஈரவலயக் காடுகள் பலவற்றிலிருந்து இதன் பதிவுகள் வந்தன. இரத்தினபுரி மாவட்டத்துக்கு வெளியே காலி, களுத்துறை மாவட்டப் பக்கங்களிலும் இது உள்ளது. பெருங்காடுகளில் மட்டுமன்றி, நிழல் கெடாத சிறு காட்டுத் துண்டுகளிலும் இது தாக்குப்பிடித்து வாழ்கிறது.

இதிலிருந்து எறும்பு பரவிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. எறும்பு இருந்த இடத்தில்தான் இருந்தது; தேடுபவர்கள் பெருகினார்கள். ஆகவே பரவல் வரைபடத்தில் உள்ள வெற்றிடங்களை எறும்பு இல்லாத இடங்கள் என்று படிப்பதற்கு முன், அங்கே யாராவது குனிந்து இலைக்குப்பையைச் சலித்துப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். உலர்வலயத்தைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை குறைவு, ஏனெனில் ஆண்டு முழுவதும் ஈரம் காயாத காட்டுத் தரைதான் இதன் வாழ்விடம். தென்மேற்கு ஈரவலயத்தில் ஆண்டு மழை 2500 மில்லிமீற்றருக்கு மேல்.

தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இது உண்டா?

இந்தியாவிலிருந்து இதுவரை பதிவு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் பல உயிரினங்களைப் பகிர்ந்துகொள்வதாலும், கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக் காலங்களில் இரு நிலங்களும் இணைந்திருந்ததாலும் இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த இணைப்பு வட இலங்கையின் உலர்ந்த சமவெளி வழியாக அமைந்தது. ஈரமான இலைக்குப்பையை விட்டு விலகாத ஓர் எறும்புக்கு அது எளிதான பாதையாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அகத்தியமலை போன்ற ஈரக் காடுகளில் எறும்பு தேடுபவர்கள், முட்களோடு கூடிய ஒற்றைக் கணு எறும்பு கிடைத்தால் அதனை ஒதுக்காமல் கவனமாகப் பார்க்க வேண்டும்.

காட்டில் எந்த இடத்தில் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்?

நிழல் அடர்ந்த தாழ்நிலக் காட்டின் தரையில், விரல் தடிமன் முதல் மணிக்கட்டுத் தடிமன் வரையிலான மக்கிய கிளைத் துண்டுகளைப் பாருங்கள். காய்ந்து முறுகிய குச்சியும் வேண்டாம், பிசைந்தால் சேறாகும் அளவுக்கு மக்கியதும் வேண்டாம். நகத்தால் அழுத்தினால் பதியும், ஆனால் வடிவம் குலையாத பதம் நல்லது. அப்படிப்பட்ட துண்டை வெள்ளைத் தட்டின் மேல் பிடித்து மெல்லப் பிளந்தால், உள்ளே பூச்சிகள் குடைந்து விட்ட வெற்றிடங்களில் மஞ்சள் எறும்புகளும் வெண்ணிறப் புழுக்களும் சிறு குவியலாகத் தெரியக்கூடும். கூடுகள் சிறியவை, பெரும்பாலும் 100 க்கும் குறைவான வேலைக்கார எறும்புகளே இருக்கும். ஆகவே நீண்ட சாரையை எதிர்பார்த்து நடந்தால் எதையும் காணாமலே திரும்புவீர்கள்.

பிளந்த துண்டின் இரு பாதிகளையும் மீண்டும் பொருத்தி, எடுத்த இடத்திலேயே ஈரப்பக்கம் கீழாக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மக்கிய குச்சியும் ஒரு வீடாக இருக்கக்கூடிய காட்டில் இது சிறிய மரியாதை அல்ல, அவசியமான ஒழுங்கு.

சலிப்பதா, இரை வைப்பதா, குழிப்பொறி வைப்பதா? எது சிறந்தது?

இலைக்குப்பையைச் சலித்து, சலித்ததைத் துணிப்பைகளில் தொங்கவிட்டு எறும்புகள் தாமாக வெளியேறிக் கீழுள்ள புட்டியில் விழச் செய்யும் விங்க்ளர் முறை நல்ல பலன் தரும். அதனுடன் கையால் மரத்துண்டுகளைத் தேடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேன், மீன் போன்ற இரைகளைப் பைடோல் போன்ற பெருங்கூட்ட எறும்புகள் விரைவில் கைப்பற்றிவிடும் என்பதால் இரை முறையை மட்டும் நம்ப வேண்டாம். குழிப்பொறி தரையில் ஓடித் திரியும் எறும்புகளுக்கே பொருத்தமானது. இலையடுக்குக்குள் அடங்கி வாழும் இதற்கு அது இரண்டாம் பட்சம்தான்.

நடத்தையைக் கொண்டு அடையாளம் காண முடியுமா?

துணைச் சான்றாக மட்டும் கொள்ளலாம். இரை கண்ட எறும்பு வயிற்றின் அடிப்புறச் சுரப்பியால் தடம் இட்டுக் கூட்டாளிகளை அழைக்கும். பின்முனைச் சுரப்பி எச்சரிக்கைக்குப் பயன்படும். டிரானியெல்லோவும் ஜயசூரியவும் 1981 இல் இதனைக் காட்டினார்கள். ஆனால் இத்தகைய நடத்தைகள் பிற எறும்புகளிலும் உண்டு.

இது சட்டப்படியும் உலக மதிப்பீட்டிலும் எந்நிலையில் உள்ளது?

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 1996 இல் மிக அருகிய இனமாக இது சேர்க்கப்பட்டது. அது மிகக் குறைந்த இடங்களே தெரிந்திருந்த காலத்து மதிப்பீடு; புதிய பதிவுகளின் அடிப்படையில் அது மறுபடி செய்யப்பட வேண்டும் என்பது என் கருத்து. மறுமதிப்பீட்டில் நிலை சற்று இறங்கினாலும் கவலை குறையாது. தாழ்நில ஈரக்காடுகள் தேயிலை, இறப்பர், குடியிருப்பு ஆகியவற்றுக்காக வெட்டப்பட்டுத் துண்டு துண்டாகிவிட்டன; துண்டின் ஓரம் காய்ந்தால் இலைக்குப்பை காயும், பித்து எறும்பு போன்றவை உள்ளே நுழையும். கண்டமொன்றில் பரவிய இனத்துக்கு ஒரு காடு போனால் இன்னொன்று உண்டு. இதற்கு அத்தகைய இருப்பு இல்லை.

நான் மாதிரி சேகரிக்கலாமா?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் கூடாது. வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரிய காடுகளிலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரிய காப்பகங்களிலும் எறும்பு எடுப்பதற்கும் முன் அனுமதி பெற வேண்டும். மாதிரிகளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதற்குத் தனி அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவர்களும் சில வேலைக்கார எறும்புகளை மட்டும் எடுத்து, இராணியையும் கூட்டையும் விட்டுவிடுவதே முறை. உடலமைப்புப் பார்ப்பதற்கு 70 விழுக்காட்டு எதனோல் போதும். மரபணு ஆய்வுக்கு 95 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வேண்டும். இடம், கடல் மட்டத்திலிருந்து உயரம், நாள், கிடைத்த நுண்வாழ்விடம், சேகரித்தவர் பெயர் ஆகியவை பென்சிலால் எழுதிய சீட்டாகப் புட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். சீட்டில்லாத மாதிரி பரவலைப் பற்றி எதையும் சொல்லாது.

ஒளிப்படத்தை மட்டும் அனுப்பினால் போதுமா?

மூன்று படங்கள் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் போதும். முழுப் பக்கத் தோற்றத்தில் காம்பும் கணுவும் முள்ளும் ஒரே குவியத்தில் தெரிய வேண்டும். தலையின் நேர்முகத் தோற்றத்தில் உணர்கொம்பின் கண்டங்களை எண்ண முடிய வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் இரு முட்களும் பிரிந்து தெரிய வேண்டும். கைபேசியில் பொருத்தும் பெரிதாக்கு வில்லையே இதற்குப் போதுமானது. உயிரோடுள்ள எறும்பு நில்லாமல் ஓடினால், சிறிய கண்ணாடிக் குப்பியில் இட்டுச் சில நிமிடங்கள் குளிரவைத்து, படம் எடுத்த பின் அதே குச்சியருகே விட்டுவிடலாம்.

ஒரு காட்டில் தேடியும் கிடைக்கவில்லை. அதைப் பதிவு செய்வதில் பயன் உண்டா?

மிகுந்த பயன் உண்டு. ஆனால் கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதினால் அதனால் யாருக்கும் உதவி இல்லை. எத்தனை சதுர மீற்றர் இலைக்குப்பை சலிக்கப்பட்டது, எத்தனை மரத்துண்டுகள் பிளந்து பார்க்கப்பட்டன, எந்த மாதம், மழைக்குப் பின்னா வறட்சியிலா, எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினார்கள், கூடவே கிடைத்த பிற எறும்புகள் எவை என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பாக, பைடோல் போன்ற இலைக்குப்பை எறும்புகள் நிறையக் கிடைத்தும் அனியூரிட்டஸ் கிடைக்கவில்லை என்றால், தேடல் முறை சரியாகவே இருந்தது என்று அடுத்து வருபவர் நம்பலாம். எந்த எறும்பும் அதிகம் கிடைக்கவில்லை என்றால், அதே காட்டை மழை நனைத்த பருவத்தில் மறுபடி தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.